110 ஆண்டுகள் பிரிக்கப்படாத சரக்கு

சரக்கு வந்து இறங்கினால் முதல் வேலை பெட்டியைப் பிரித்து எண்ணிப் பார்ப்பது. நம் கடைகளில் வேலைக்குச் சேரும் சின்னப் பையனுக்குக்கூட இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியிருக்க, வந்து இறங்கிய சரக்கு ஒன்று 110 ஆண்டுகள் பெட்டியோடு கிடந்தது என்றால் நம்புவீர்களா? அதுவும் பருப்போ பாக்கோ அல்ல. கண்ணாடியில் செய்த நாற்காலி, சோபா, மேசை, கட்டில். ஆர்டர் கொடுத்தவர் உதயப்பூர் மகாராணா. செய்து அனுப்பியவர்கள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து ஆஸ்லர் கம்பெனியார்.

பருப்பும் பாக்கும் விற்கும் நமக்குக் கண்ணாடிக் கட்டிலால் என்ன பிரயோசனம் என்று அன்பர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். இதில் கொள்முதல் இருக்கிறது, வரி இருக்கிறது, பேக்கிங் இருக்கிறது, வாடிக்கையாளர் வீடறிந்து சரக்குச் செய்வது இருக்கிறது. கடைசியில் என் சொந்தக் கணக்கில் விழுந்த ஒரு பிழையும் இருக்கிறது.

நான் மதுரையில் கீழமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் கண்ணாடிச் சாமான் மொத்த வியாபாரம் செய்பவன். பலசரக்குக் கடை மேசைமேல் வரிசையாக நிற்குமே மிட்டாய் பாட்டில், ஊறுகாய் ஜாடி, டீக்கடைக் கண்ணாடித் தம்ளர், இவைதான் எங்கள் சரக்கு. அப்பா ஆரம்பித்த கடை. பிளாஸ்டிக் டப்பா வந்து எங்கள் பிழைப்பில் பாதியைக் கொண்டுபோனது வேறு கதை.

2011இல் எங்கள் தெருக்காரர்கள் ஐந்து குடும்பமாக ராஜஸ்தான் போயிருந்தோம். உதயப்பூரில் பிச்சோலா ஏரிக்கரையில் அரண்மனைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஃபதே பிரகாஷ் அரண்மனையின் மாடியில், தர்பார் ஹாலைச் சுற்றிக் கண்ணாடிச் சாமான் காட்சிக்கூடம் இருக்கிறது. உள்ளே போட்டோ எடுக்கக்கூடாது. நுழைந்ததும், கூட வந்த பலசரக்குக்கடைக்காரர் ஒருவர், “அண்ணாச்சி, நீங்க எங்களுக்கு வெறும் பாட்டிலைத் தள்ளிவிட்டுட்டு நல்ல சரக்கையெல்லாம் ராஜா வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கால்கள் முழுவதும் பட்டை தீட்டிய கனத்த கண்ணாடி. கைப்பிடியும் முதுகும் அப்படியே. உட்காரும் இடத்தில் மட்டும் வெல்வெட் மெத்தை. கண்ணாடியின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கண்ணாடி வியாபாரிக்குத் தெரியும். அதனால்தான் கேள்வி எழுந்தது: இந்த நாற்காலியில் பாரத்தை எது தாங்குகிறது?

தாங்குவது உலோகம். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே துளையிட்டு, பாசிமணி கோத்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் கோத்து முடுக்கியிருக்கிறார்கள். இருக்கையும் முதுகும் மரத்தாலும் உலோகத்தாலுமான சட்டத்தில் நிற்கின்றன. பார்க்கிறவன் கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் தெரியும். பெயர் கண்ணாடிக்கு, பாடு கம்பிக்கு. நம் கடைகளில் முதலாளி பெயர் போர்டில் இருக்கிறது, கணக்குப்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கிறார், அந்த மாதிரி.

ஆர்டர் கொடுத்தவர் மகாராணா சஜ்ஜன் சிங். 1859இல் பிறந்தவர், 1874இல் பட்டத்துக்கு வந்தவர். 1877இல் ஆர்டர் போனதாக அரண்மனைக்காரர்கள் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 18. சரக்கு வந்து சேர்வதற்கு முன்பே, 1884இல் தம் 25ஆம் வயதில் அவர் காலமாகிவிட்டார். பெட்டிகள் வந்தன. ஆசைப்பட்டவர் இல்லை. பெட்டிகள் அப்படியே உள்ளே போய்விட்டன. 1994இல்தான் காட்சிக்கூடமாகத் திறந்தார்கள்.

பர்மிங்காம்காரர்கள்

ஆஸ்லர் கம்பெனி 1807இல் பர்மிங்காமில் தாமஸ் ஆஸ்லர் என்பவரால் ஆரம்பிக்கப்பட்டது. முதலில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சாமான்கள்தான். 1831இல் மகன்கள் ஃபாலெட், கிளார்க்ஸன் இருவரும் பொறுப்பெடுத்தார்கள். கம்பெனிப் பெயரில் உள்ள எஃப், சி எழுத்துகள் இவர்கள் இருவருடையவை. மூத்தவருக்குக் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி செய்வதிலும் ஈடுபாடு உண்டு. அந்தத் துறையில் அவருக்கு நல்ல பெயர். வியாபாரத்தையும் கெடுக்காமல் இதையும் செய்திருக்கிறார், அது அவர் சாமர்த்தியம்.

இங்கே வரி விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அந்நாளில் இங்கிலாந்தில் கண்ணாடிக்குக் கலால் வரி இருந்தது. எடையின்மேல் வரி. அதிகாரிகள் பட்டறையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். உலை மூட்டுவதற்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கனமாகச் செய்தால் வரி கூடும் என்பதால் கனத்த சாமான் செய்ய எவனும் யோசிப்பான். சுமார் 100 ஆண்டுகள் இருந்த இந்த வரியை 1845இல் பிரதமர் ராபர்ட் பீல் ரத்து செய்தார். ஆறே வருஷத்தில், 1851இல் லண்டனில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஆஸ்லர் கம்பெனி 27 அடி உயரத்தில், நாலு டன் கண்ணாடியில் நீரூற்று ஒன்றைச் செய்து நிறுத்தியது. எடைக்கு வரி இருந்த காலத்தில் நாலு டன்னை யார் தொடுவார்கள்? வரி எடுத்தால் தொழில் எப்படி எழும்பும் என்று நம் சங்கத் தலைவர்கள் மேடையில் சொல்லும்போது இந்த நீரூற்றை உதாரணம் காட்டலாம்.

நம் கதைக்கு முக்கியமானது அந்த நீரூற்றுக்குள் இருந்த இரும்பு. நடுத்தண்டுக்குள் இரும்புக் கம்பி ஓடியது. ஆனால் பட்டை தீட்டிய கண்ணாடி வெளிச்சத்தை நாலா பக்கமும் மடக்கி அனுப்புவதால் கம்பி கண்ணுக்குப் படவில்லை. எந்தக் கண்ணாடி உடைந்துவிடும் என்று பயப்படுகிறோமோ, அதே கண்ணாடி தன்னைத் தாங்கும் இரும்பைத் தானே மறைத்துக்கொள்கிறது. இந்த வித்தை கைக்கு வந்த பிறகு நாற்காலி, கட்டில் செய்வது அடுத்த படிதான். அந்த நீரூற்று பிறகு பொருட்காட்சிக் கட்டடத்தோடு சிடனம் என்ற இடத்துக்குப் போய், 1936இல் பிடித்த தீயில் அழிந்துபோனது.

இந்த வேலை பர்மிங்காமில் நடந்ததற்குக் காரணம் உண்டு. அது அடிப்படையில் உலோக ஊர். பித்தளை, இரும்பு, பொத்தான், திருகாணி எல்லாம் அங்கே தெருவுக்குத் தெரு. மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்கு 1840இல் காப்புரிமை வாங்கிய எல்கிங்டன் கம்பெனியும் அதே ஊர்தான். கண்ணாடிக்குள் போகும் கம்பி கருத்துத் தெரிந்தால் அழகு போய்விடும். முலாம் பூசினால் அதுவும் சேர்ந்து மின்னும். கண்ணாடிக்காரனும் உலோகக்காரனும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தால்தான் இப்படி ஒரு சரக்கு பிறக்கும்.

கண்ணாடியும் உலோகமும் ஒத்துப்போவது லேசல்ல

அந்தக் காலத்து ஆங்கிலேயக் கனத்த கண்ணாடியின் பழைய கணக்கு இது: மணல் மூன்று பங்கு, சிவப்பு ஈயத்தூள் இரண்டு பங்கு, பொட்டாஷ் ஒரு பங்கு. ஈயம் சேர்வதால் கண்ணாடி கனக்கும், மின்னும், சாணைக்கும் இணங்கும். மண்பானையில் உருக்கி, ஊதியோ அச்சில் இட்டோ உருவம் கொடுத்து, பிறகு மெள்ள மெள்ள ஆறவிட வேண்டும். இந்த ஆறவைக்கும் வேலையில் அவசரப்பட்டால் அவ்வளவுதான். மேல்பக்கம் முந்திக் குளிர்ந்து உள்ளே சூடு நின்றால், அன்றைக்கு நன்றாக இருக்கும் சாமான் பத்து நாள் கழித்துத் தானாக விரிந்து நிற்கும். கனத்த துண்டு என்றால் ஆறுவதற்கே நாட்கணக்கு ஆகும்.

அதற்குப் பிறகு பட்டை தீட்டுவது. இரும்புச் சக்கரம் சுழல, மேலிருந்து மணலும் தண்ணீரும் சொட்ட, ஆள் கண்ணாடியை அதில் அழுத்திப் பிடிப்பான். பிறகு கல் சக்கரம், பிறகு மரச் சக்கரத்தில் மெருகு. ஒரு நாற்காலிக்காலில் உள்ள அத்தனை பட்டையும் இப்படி ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து எடுத்தது. ஒரு பட்டை ஆழமாகப் போய்விட்டால் அந்தத் துண்டே வீண்.

எல்லாம் முடிந்து உலோகத்தோடு சேர்க்கும்போதுதான் உண்மையான சோதனை. சூடு பட்டால் எல்லாப் பொருளும் விரியும், ஆனால் ஒரே அளவில் விரிவதில்லை. கண்ணாடி விரிவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பித்தளை விரியும். இரும்பும் கண்ணாடியைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். பர்மிங்காம் குளிரில் இறுக்கிப் பொருத்திய கம்பி, ராஜஸ்தான் மே மாத வெயிலில் உள்ளிருந்தே கண்ணாடியைப் பிளந்துவிடும். ஆகவே துளைக்கும் கம்பிக்கும் இடையே இடம் விட வேண்டும். இடம் விட்டால் ஆடும். ஆடாமல் இருக்க நடுவே மெத்தென்று ஒரு பொருள் வைக்க வேண்டும். தொங்குவிளக்குகளின் கண்ணாடிக் கைகளைப் பித்தளைக் குழியில் உட்காரவைக்கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போட்டார்கள். எவ்வளவு இடைவெளி, எவ்வளவு இறுக்கம் என்பது கைப்பழக்கம். இந்த இடைவெளி விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். என் பிழை இதில்தான் இருக்கிறது.

கல்கத்தாக் கடை

ஆஸ்லர்காரர்கள் பர்மிங்காமில் உட்கார்ந்துகொண்டு இந்திய ராஜாக்களுக்குச் சரக்கு விற்கவில்லை. 1840களிலேயே கல்கத்தாவில் சொந்தக் கடை போட்டுவிட்டார்கள். ஏஜெண்டு சொல்வதைக் கேட்டு அனுப்புவது வேறு, ஆளைப் போட்டு விசாரித்து அனுப்புவது வேறு.

இந்திய வீட்டில் மேலே பங்கா ஆடும். பங்காக் காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. ஆகவே தீபத்தைச் சுற்றி உயரமான கண்ணாடிக் கூண்டு வேண்டும். இங்கே எரிப்பது தேங்காய் எண்ணெய், அதற்கேற்ற விளக்கு வேண்டும். விருந்தினருக்கு ஹூக்கா வேண்டும், கைகழுவக் கிண்ணம் வேண்டும், அத்தர் சீசா வேண்டும். இதெல்லாம் இங்கிலாந்து வீட்டில் கேட்கமாட்டார்கள். உதயப்பூர்க் காட்சியில் ஹூக்காவையும் பார்த்தேன், அத்தர்ச் சீசாக்களையும் பார்த்தேன். செய்த கை பர்மிங்காம் கை, கேட்ட மனசு இந்திய மனசு. எகிப்து, இந்தியா என்று கிழக்கு நாடுகளுக்கு வேண்டியதைக் கேட்டுச் செய்ததால்தான் அந்தக் கம்பெனி தன் கையையே வளர்த்துக்கொண்டது. எகிப்தின் இப்ராஹிம் பாஷாவுக்கு 1847இல் 17 அடி உயர விளக்குத்தண்டுகள் செய்த அனுபவம்தான் 27 அடி நீரூற்றுக்குத் தைரியம் கொடுத்தது என்பது அடியேனின் அபிப்பிராயம். கண்ணாடிக் கட்டிலை எந்த இங்கிலாந்துப் பிரபு கேட்டான்? கேட்டவர்கள் நம் ராஜாக்கள்தான். 2006இல் அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தார், இந்திய மகாராஜாக்களுக்காக ஐரோப்பாவில் செய்த கண்ணாடிச் சாமான்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தினார்கள்.

பேக்கிங்கை நினைத்தால்தான் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்துவிட்டது, அதுவரை சரி. ஆனால் 1884இல் உதயப்பூருக்கு ரயில் கிடையாது. கடைசித் தூரம் முழுவதும் வண்டிப்பாதை. கப்பலில் ஆடி, ரயிலில் குலுங்கி, வண்டியில் தூக்கிப் போட்டு வந்த கண்ணாடி இன்றைக்குக் காட்சியில் நிற்கிறது. துண்டு துண்டாகக் கழற்றிக் கட்டி, வந்த இடத்தில் கம்பியில் கோத்துக்கொள்ளும் வேலைப்பாடு என்பது இங்கே கை கொடுத்திருக்கும். நமக்குப் பிரோசாபாத்திலிருந்து வைக்கோல் வைத்து வரும் தம்ளர் பெட்டியில் நூற்றுக்கு ஐந்து உடைசல் என்றால் நல்ல லோடு என்று சந்தோஷப்படுகிறோம்.

ஆஸ்லர் கம்பெனியின் கண்ணாடிப் பட்டறை 1920களில் மூடப்பட்டது. ராஜாக்கள் ஆர்டரை நம்பி எத்தனை காலம் ஓட்ட முடியும்?

இப்போது என் கணக்குக்கு வருகிறேன். 1983இல் அப்பா பித்தளை மூடி போட்ட கண்ணாடி ஜாடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். ஜாடி பிரோசாபாத்தில், மூடி மொராதாபாத்தில். இரண்டு ஊர்க் கைவேலையைச் சேர்த்துத் தீபாவளிக்கு நம் பலசரக்குக் கடைகளுக்குப் புதுச் சரக்காகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சரக்கு வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு அப்போது 22 வயது.

காரியம் முடிந்த வாரத்தில் ஆறு பெட்டி ஜாடி வந்தது. லாரி ஆபீசில் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கிட்டங்கியில் இறக்கினேன். பிரிக்க மனசு வரவில்லை. அடுத்த வாரம் மூட்டையாக மூடிகள் வந்தன. கடையில் இருந்த சாம்பிள் ஜாடியில் ஒரு மூடியை வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் அளவுக்கு லொடலொடவென்று ஆடியது. பத்து மூடியைப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் அப்படியே. அளவு தப்பாகச் செய்து அப்பாவை ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம். கணக்குப்பிள்ளை, “தம்பி, உங்க அப்பா லெட்டர் பைலைப் பார்த்துட்டு எழுதலாமே” என்றார். நான் கேட்கவில்லை. காட்டமாகக் கடிதம் எழுதி, பாக்கிப் பணத்தை நிறுத்திவிட்டேன். மூடிகளை எடைக்குப் பழைய பித்தளையாகப் போட்டுவிட்டேன். மூடி இல்லாத ஜாடி எதற்கு என்று பெட்டிகளைப் பிரிக்கவும் இல்லை.

1986இல் கிட்டங்கி மாற்ற வேண்டிவந்தபோது பெட்டிகளைப் பிரித்தோம். அடியில் இருந்த இரண்டு பெட்டியில் கரையான், வைக்கோல் மக்கிப்போய் ஜாடிகளில் பாதி உடைந்திருந்தன. மூன்று வருஷம் கழித்து யாரிடம் போய்க் கேட்பது? அதே நாளில் பழைய பைல்களையும் ஒழித்தோம். அப்பா மொராதாபாத்துக்கு எழுதிய கடிதத்தின் கார்பன் நகல் அதில் இருந்தது. மூடி ஜாடிக் கழுத்தைவிட ஒரு நூல் பெரிதாக இருக்க வேண்டும், நடுவில் ரப்பர் வளையம் போடப்போகிறேன், பித்தளை நேராகக் கண்ணாடியில் உரசினால் கழுத்து விண்டுபோகும் என்று தெளிவாக எழுதியிருந்தார். அந்த மனிதர் சொன்னபடி செய்து அனுப்பியிருக்கிறார்.

அன்றைக்கே பாக்கித்தொகைக்கு டிராப்ட் எடுத்து, மன்னிப்பும் எழுதி அனுப்பினேன். ரசீது வந்தது. ரசீதில் ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. பிறகு விலைப்பட்டியல் கேட்டு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. உதயப்பூரில் அந்த நாற்காலிக் காலைப் பார்த்து நின்றபோது எனக்குத் தெரிந்தது அந்த ஒரு நூல் இடைவெளிதான்.

சரக்கு விஷயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது உள்ள 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, லாரிக்காரர்மேல் வழக்குப் போட வேண்டுமானால் சரக்கு புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ரயிலில் வந்த சரக்கு என்றால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி, சரக்கை ஒப்படைத்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நாம் பெட்டியைப் பிரித்த தேதியிலிருந்து அல்ல. டெலிவரி எடுக்கும்போது பெட்டியில் ஈரமோ, குலுக்கினால் சத்தமோ இருந்தால் அதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பிரோசாபாத்தும் மொராதாபாத்தும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தாஜ்மஹாலைக் காப்பதற்காக 1996இல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு பிரோசாபாத் உலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டிவந்தது. பித்தளைக் கால், இரும்புக் கால் வைத்த கண்ணாடி மேசைகளும் விளக்குகளும் மொராதாபாத்திலிருந்து வெளிநாடு போகின்றன. அந்நாளில் பர்மிங்காமிலிருந்து இங்கே வந்தது, இன்றைக்கு இங்கிருந்து அங்கே போகிறது. டிசைன் அங்கிருந்து வருகிறது, கை இங்கே. பெரிய ஊர்க் கடைகளில் இதே மேசையை நாலு மடங்கு விலையில் வைத்திருக்கிறார்கள்.

எடைக்குப் போட்ட மூடிகளில் ஒன்று மட்டும் எப்படியோ மேசை இழுப்பறையில் தங்கிவிட்டிருந்தது. உடையாத ஜாடிகளில் ஒன்றை எடுத்து, ரப்பர் வளையம் வெட்டிப் போட்டு மூடிப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இன்றைக்கும் அது என் கல்லா மேசையில் இருக்கிறது. கடைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கடலை மிட்டாய் போட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலத்திலும் நமத்துப் போவதில்லை.